வீட்டுக்குள் செடி வளர்க்க எந்த விளக்கு? பலரும் செய்யும் தவறுகள்

வெயில் எட்டாத வீட்டில் கீரையோ மிளகாய் நாற்றோ வளர்க்க விளக்கு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வாட்ஸை. அங்கேயே கணக்குத் தப்புகிறது. வாட்ஸ் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். செடிக்குக் கிடைக்கும் ஒளி அல்ல. 60 வாட்ஸ் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்ஸ் எல்இடி தந்துவிடும். தினம் 14 மணி நேரம் எரித்தால் குண்டு பல்புக்கு மாதம் 25 யூனிட், எல்இடிக்கு 4 யூனிட்டுக்கும் குறைவு. குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சூடாக்கியே தீர்க்கிறது. கிட்டே வைத்தால் இலை கருகும், தள்ளி வைத்தால் ஒளி போதாது. செடிக்காக அதை வாங்கவே வேண்டாம்.

செடி வளர்க்கவென்றே விற்கும் விளக்குகளுக்கு க்ரோ லைட் என்று பெயர். '1000 வாட்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் க்ரோ லைட்டுகளிலும் கவனம் தேவை. அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத் தேடிப் படியுங்கள். பல சமயம் அந்த எண் இதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

அடுத்தது லூமென். விளக்கு தரும் வெளிச்சத்தைக் குறிக்கும் இது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் பளிச்சென்று தெரியும். செடியோ நீலம் முதல் சிவப்பு வரை, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள எல்லா ஒளியையும் பயன்படுத்துகிறது. இரண்டு வெள்ளை விளக்குகளை ஒப்பிட லூமென் போதும். சிவப்பும் நீலமும் கலந்த ஊதா க்ரோ லைட்டையும் வெள்ளை விளக்கையும் ஒப்பிட அது உதவாது.

ஊதா விளக்குதான் செடிக்கு உகந்தது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சிவப்பும் நீலமும் முக்கியம், சரிதான். ஆனால் இலை பச்சை ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பி அனுப்புகிறது. மீதி இலையின் உள்ளடுக்கு வரை போய்ச் சேர்ந்து வேலை செய்கிறது. வெள்ளை எல்இடியில் மூன்று நிறங்களும் உண்டு. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, வெள்ளை ஒளியில் இலை மஞ்சளிப்பதும் பூச்சி விழுவதும் உடனே கண்ணில் படும். ஊதாவில் எல்லாம் ஒரே கறுப்பு.

பழைய ட்யூப்லைட் கைவசம் இருந்தால் கீரைக்குப் பயன்படுத்தலாம். நாளாக ஆக அதன் ஒளி மங்கும், உள்ளே பாதரசமும் இருக்கிறது. புதிதாக வாங்குவதென்றால் எல்இடியே.

எந்த விளக்கு வாங்கினாலும் அதைக் கூரையில் மாட்டினால் வீண். தனி பல்பின் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் இலைக்கு வரும் ஒளி ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். அறை நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும், ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாற்றுக்கு அந்த வசதி இல்லை. ஒளியைத் தேடி வெளுத்து நெட்டையாக நீண்டு சாய்ந்துவிடும். நான்கடி எல்இடி ட்யூப் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாற்றின் நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் உயர்த்துங்கள்.

இரவு முழுக்க எரியவிடுவதும் தவறு. நாற்றுக்கும் கீரைக்கும் 14 மணி நேரம் போதும், அதற்கு ஒரு டைமர் போட்டுவிடலாம். சாமந்தி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதற்கு நீண்ட இருட்டு வேண்டும். நடுராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலே மொட்டு வைக்காமல் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.