அட்டாலில கெடக்கற போட்டோ, கேசட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறது எப்படி?

மொதல்லயே சொல்லிடறனுங்க, ஸ்கேனர் எல்லாம் ரெண்டாவது, பெரியவங்ககிட்ட பேர் கேக்கறதுதான் மொத வேலை. எங்க அப்புச்சி (அம்மாவோட அப்பா) கல்யாண போட்டோல அவர் பக்கத்துல நிக்கறது அம்மாயின்னே (அம்மாவோட அம்மா) இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன், போன நோம்பிக்கு பெருந்துறை போனப்ப எடுத்துக் காட்டினா, "அது நானில்ல சாமி, அவிய அக்கா, இணைச்சீர் பண்றப்ப எடுத்தது"ங்கறாங்க. இணைச்சீர்ங்கறது எங்க கொங்குப்பக்கம் கல்யாணத்துல மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி பண்ற சீருங்க. அம்மாயிய வுட்டா இதைச் சொல்ல எங்க வூட்டுல வேற ஆளே இல்லீங்க. அதனால ஒவ்வொரு போட்டோவா கைல குடுத்து, போன்ல ரெக்கார்டிங் போட்டு, யாரு, எந்த ஊரு, என்ன விசேஷம்னு பேச விடுங்க. பின்னாடி பென்சில்ல லேசா எழுதி வைங்க, பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தினது முன்பக்கம் தெரியும்.

பசை ஷீட் ஆல்பம்னா பிச்சு இழுக்காதீங்க. டென்டல் ஃப்ளாஸ் நூல போட்டோவுக்கு அடியில விட்டு மெல்ல நகத்துங்க, வரலீன்னா பக்கத்தோடயே ஸ்கேன் பண்ணிக்கலாம். தூசிக்கு மெத்துனு ஒரு பிரஷ் போதும், ஈரத்துணி கூடவே கூடாது.

ஸ்கேன் 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தன புள்ளிங்கற கணக்கு) வைங்க, 4க்கு 6 இன்ச் போட்டோ 2400க்கு 3600 பிக்சல் வரும், பெரிசா பிரிண்ட் போட்டாலும் தாங்கும். ஸ்டாம்ப் சைஸ்னா 1200. கருப்பு வெள்ளையும் கலர் மோட்லயே எடுங்க, அந்தப் பழுப்பு நிறமும் அப்படியே இருக்கட்டும். ஸ்கேனர் இல்லாதவங்க கூகுள் போட்டோஸ்கேன் ஆப்ல எடுக்கலாம், நாலு மூலைக்கும் போனை நகத்தச் சொல்லும், அதுல போட்டோ மேல அடிக்கற வெளிச்சப் பளபளப்பு போயிடும்.

வீடியோ கேசட் இருந்தா தள்ளிப் போடாதீங்க, அதை ஓட்டற மெஷினான விசிஆரை கடைசி வரைக்கும் செஞ்ச ஜப்பான் ஃபுனாய் கம்பெனியே 2016ல நிறுத்திருச்சு. விஎச்எஸ் (வூட்டுல இருக்கற பெரிய வீடியோ கேசட்) மேல இருக்கற ஜன்னல் வழியா டேப்பப் பாருங்க, வெள்ளையா பூஞ்சை இருந்தா ஓட்டவே வேண்டாம், விசிஆர்ல டேப்பப் படிக்கற ஹெட்டும் கெட்டுப்போயி அடுத்த கேசட்டுக்கும் பரவும், தெரிஞ்சவங்ககிட்ட சுத்தம் பண்ணக் குடுங்க. நல்லா இருந்தா ஒருக்கா முழுசா ஃபார்வர்ட், ரீவைண்ட் ஓட்டிட்டு விசிஆரை யுஎஸ்பி கேப்சர் கார்டுல (விசிஆர் படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏத்தற சின்னக் கருவி) மாட்டுங்க, செட்டிங் PAL (நம்மூர் டிவி முறை), 720க்கு 576 பிக்சல். மூணு மணி நேர கேசட்டுக்கு மூணு மணி நேரமே ஆகும், வேகமா ஓட்ட வழியில்ல.

ஃபைல் பேர்ல வருஷம் முன்னாடி வரட்டும், "1974_பெருந்துறை_அப்புச்சி இணைச்சீர்_01" இந்த மாதிரி, அப்பத்தான் வரிசையா நிக்கும். ஒரு காப்பி கம்ப்யூட்டர்ல, ஒண்ணு ஹார்ட் டிஸ்க்ல, இன்னொண்ணு வேற ஊர்ல இருக்கற அக்கா தங்கச்சி வூட்டுல. அம்மாயி பேசின ரெக்கார்டிங்கையும் அதே ஃபோல்டர்ல போட்டுருங்க.