துடைக்கிறதுக்கு முன்னால் அளந்து வையுங்கள்: கொட்டியாரக் குடாவில் நாம் செய்யக்கூடாத தவறுகள்

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி இலங்கையின் கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் கப்பல் தீப்பிடித்தபோது அதற்குள் ஏறக்குறைய 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெய் இருந்தது. அந்த எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பியது, கப்பலின் சொந்த எரிபொருளில் கொஞ்சம்தான் கடலில் கசிந்தது. ஆனால் அந்த மசகு எண்ணெய் முழுக்கக் கொட்டி, நீரோட்டம் வடக்கே இழுத்து, திருகோணமலைப் பக்கத்துக் கரையோர ஊர்களான மூதூரையும் கிண்ணியாவையும் தொட்டிருந்தால்? எதை இழந்தோம் என்று கேட்கிறவர்களிடம் எதைக் காட்டியிருப்போம்? முதல் தவறு இதுதான். எல்லாம் நல்லாயிருக்கிற காலத்தில் யாரும் அளப்பதில்லை.

கடல் கெட்டுப்போன பிறகு "முன்பு இங்கே இறால் நிறைய இருந்தது" என்று சொன்னால் அது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் நட்டஈட்டு வழக்கில் நிற்காது, எவ்வளவு இருந்தது, எந்த மாதம், எந்த இடத்தில் என்று கேட்பார்கள். ஒரு சதுர மீற்றரில் கடற்புல் எத்தனை பங்கு மூடியிருக்கிறது, கண்டல் (அலையாத்தி) ஓரச் சேற்றில் எத்தனை நண்டுப் பொந்து, இறங்குதுறையில் ஒரு வள்ளத்துக்கு எத்தனை கிலோ சூடை மீன், நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத் தீவில் உயிருள்ள முருகைக்கல் (பவளப்பாறை) எவ்வளவு, இவையெல்லாம் விபத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். சேற்றிலுள்ள எண்ணெய்ச் சேர்மங்களையும் முன்கூட்டியே அளந்து வைக்க வேண்டும், திருகோணமலைக்கு அது இன்னும் முக்கியம். அங்கே சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்கள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியத் தாக்குதலில் அவற்றில் ஒன்று நாட்கணக்காக எரிந்தது, அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ கப்பல்கள். இப்படிப்பட்ட துறைமுகத்தில் நாளைக்கு ஒரு கசிவு நடந்தால், "இது எங்கள் எண்ணெய் இல்லை, பழசு" என்று எதிர்த்தரப்பு சொல்லத்தான் செய்யும். எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு, அதிலுள்ள ஹோப்பேன் போன்ற சேர்மங்களின் விகிதத்தை வைத்து எந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று ஆய்வுகூடத்தில் பிரித்தறியலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, கப்பலின் தாங்கியிலிருந்து எடுத்த மாதிரியும் வேண்டும், பழைய சேற்றின் மாதிரியும் வேண்டும்.

அடுத்த தவறு, நல்ல மனதோடு செய்கிற தவறு. கரையில் கறுப்பாக ஏதாவது ஒதுங்கியதும் மண்வெட்டியோடு ஓடுவது. எனக்கும் அந்தத் துடிப்பு வரும், நம்முடைய கரையல்லவா. ஆனால் 1967இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில் டொரி கன்யன் கப்பல் உடைந்தபோது எண்ணெயைக் கரைக்க ஏறத்தாழ 10,000 தொன் இரசாயனக் கழுவிகளைக் கொட்டினார்கள், பாறையில் ஒட்டியிருந்த உயிர்களை எண்ணெயைவிட அந்தக் கழுவிகள்தான் அதிகம் கொன்றன. கழுவி படாத பாறைகள் இரண்டு மூன்று வருடங்களில் தேறின, கழுவியவை தேறப் பத்து வருடங்களுக்கு மேல் எடுத்தது. 1989இல் அலாஸ்காவில் எக்சன் வால்டெஸ் கப்பலிலிருந்து ஏறக்குறைய 4 கோடி லீற்றர் எண்ணெய் கொட்டியபோது, கரையைச் சூடான நீரால் பீய்ச்சிக் கழுவினார்கள். எண்ணெய்க்குத் தப்பியிருந்த சிப்பிகளும் பாசிகளும் அந்தச் சூட்டில் செத்தன. இது பிறகு எப்படித் தெரிந்தது என்றால், சில கரைத் துண்டுகளை வேண்டுமென்றே கழுவாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள், அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நிலாவெளி மணலில் எண்ணெய் படிந்தால் மேல்மணலைக் கவனமாகக் கையால் அள்ளலாம், பெக்கோவை (மண் அள்ளும் இயந்திரம்) இறக்கினால் எண்ணெயும் நல்ல மணலும் ஆமை முட்டையும் ஒன்றாகப் போகும். கிண்ணியாப் பக்கக் கண்டலுக்குள்ளோ இறங்கவே கூடாது, மிதிக்கிற ஒவ்வொரு காலும் எண்ணெயைச் சேற்றுக்குள் தள்ளும், அங்கே காற்று இல்லாததால் அது வருடக்கணக்காகக் கிடக்கும். கண்டலில் ஒரு வகையான கண்ணா மரத்தின் மூச்சு வேர்களில் எண்ணெய் படிந்தால் மரம் மூச்சு முட்டிச் சாகும் என்பது உண்மைதான், அதற்காக வேரை மிதித்து உடைத்துக்கொண்டு துடைப்பது வைத்தியம் ஆகாது. எண்ணெயை உள்ளே வரவிடாமல் வெளியே மிதவைத் தடுப்பு போடுவதுதான் முதல் வேலை.

மாதிரி எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணெய் மாதிரியைச் சோடாப் போத்தலில் எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் சில சேர்மங்களை உறிஞ்சும், தன்னுடையதைக் கலக்கவும் செய்யும். சுத்தமான கண்ணாடிப் போத்தல், இருட்டு, குளிர். இடம், நேரம், எடுத்தவர் பெயர், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கைமாறிய இடத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் அந்த மாதிரியின் பெறுமதி போய்விடும். கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவுக்கும் அறிவித்துவிட்டு எடுப்பது இன்னும் நல்லது.

சரி, அளந்தாகிவிட்டது. எதோடு ஒப்பிடுகிறோம்? இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாவின் கலங்கல் நீரை, தெளிந்த மணற்கரை கொண்ட நிலாவெளியோடு ஒப்பிட்டால் மாசு இல்லாமலேயே மாசு தெரியும். வாடை பெயர்ந்து மாரி கொட்டுகிற டிசம்பரில் எடுத்ததை ஜூலையில் எடுத்ததோடு வைத்தாலும் அப்படித்தான். ஒரே மாதிரியான சேறு, ஒரே மாதிரியான உவர், ஒரே பருவம், மாசு மட்டும் படாதது, அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஒன்று போதாது, இரண்டு மூன்று வேண்டும். முருகைக்கல் வெளுத்திருந்தால் உடனே எண்ணெயைக் குற்றம் சொல்லிவிடவும் முடியாது, கடல் சூடானாலும் வெளுக்கும், 2016இல் இலங்கைக் கடல்களில் அதைப் பார்த்தோம். அலாஸ்காவில் விபத்து நடந்து நான்கு வருடம் கழித்து ஹெரிங் மீன் கூட்டம் சரிந்தது. அதற்கு எண்ணெயா நோயா காரணம் என்ற வாதம் இன்றும் முடியவில்லை.

நட்டத்தைக் கணக்கிடும்போது செத்த மீனை மட்டும் எண்ணுவது இன்னொரு தவறு. 10 ஹெக்டேயர் கடற்புல் முழுதாக அழிந்து, சீராக வளர்ந்து 8 வருடத்தில் பழைய நிலைக்கு வந்தது என்று வைப்போம். எட்டாம் வருடம் வந்து பார்க்கிறவருக்கு இழப்பே இல்லை என்று தோன்றும். உண்மையில் இடைப்பட்ட காலத்தில் 40 ஹெக்டேயர்-வருடச் சேவை (சராசரியாகப் பாதி, அதாவது 5 ஹெக்டேயர், 8 வருடம் இல்லாமல் போன கணக்கு) போயிருக்கிறது, அந்தப் புல்லுக்குள் பொரித்து வளர்ந்திருக்க வேண்டிய நண்டும் இறாலும் மீன்குஞ்சும் அதற்குள் அடக்கம். அதை ஈடுகட்ட, பழைய இடம் தேறுவது போதாது, வேறோர் இடத்திலும் புதிதாகச் சீரமைத்துத் தர வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கணக்கு வைத்தே பேரம் பேசுகிறார்கள். நம் நாட்டிலும் 2021இல் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. தொகை பெரிதுதான். அதைக் கையில் வாங்குவதும், வாங்கியதைக் கடலுக்குள் திருப்பிப் போடுவதும் வேறு வேறு வேலைகள்.

திருப்பிப் போடுவது என்றதும் எல்லோருக்கும் கண்டல் நடத்தான் தோன்றும். இதில் மனம் நொந்துதான் எழுதுகிறேன். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்கிறது. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் நின்றது ஏறத்தாழ 200. காரணம் பெரிய மர்மம் அல்ல. நம் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதனால் நிலம் நாலு அங்குலம் தாழ்ந்தாலும் கன்று எந்நேரமும் தண்ணீரில் நின்று அழுகும், நாலு அங்குலம் உயர்ந்தால் காயும். அதையெல்லாம் பார்க்காமல், குத்திவிட இலகுவாக இருக்கிறது என்று நீண்ட காய்க் கண்டலையே எல்லா இடத்திலும் குத்துகிறோம். சில வேளை கடற்புல் படுக்கையின் மேலேயே குத்துகிறோம், ஒரு வளத்தைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கொல்கிறோம். நடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே கண்டல் தானாக ஏன் முளைக்கவில்லை? வாய்க்கால் அடைபட்டிருந்தால் வாய்க்காலைத் திறவுங்கள், பக்கத்தில் தாய்மரம் இருந்தால் விதை தானாக வரும். கழிவு இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

அப்புறம், நட்ட பிறகு எத்தனை வருடம் போய்ப் பார்ப்பது? மூன்றாம் மாதம் உயிரோடு நிற்கிற கன்று மூன்றாம் வருடம் நிற்கும் என்று இல்லை. குறைந்தது ஐந்து மாரியாவது தாண்டிப் பார்க்க வேண்டும், அந்தச் செலவை முதல் நாளே திட்டத்தில் எழுதி வாங்க வேண்டும். கிண்ணியா, மூதூர், தம்பலகாமத்துக் கடற்றொழிலாளர் சங்கங்கள் இப்போதே ஒரு கொப்பி போடலாம்: திகதி, இடம், வலை, பிடிபட்ட மீன், கிலோ, அதோடு ஒவ்வொரு மாதமும் அதே கல்லில் நின்று அதே திசையில் எடுத்த ஒரு படம்.