குழாய் ஏர்த் வயர் மெல்லியதா? மாற்றுவதற்கு முன் பாருங்கள்

பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் வயரிங் வேலைக்குப் போகும் வீடுகளில், கிணற்றிலிருந்து வரும் இரும்புக் குழாயை ஏர்த் பாரோடு (மெயின் பெட்டியில் ஏர்த் வயர்கள் சேரும் கட்டை) இணைக்க 4 சதுர மில்லிமீட்டர் பச்சை-மஞ்சள் வயரைத்தான் அடிக்கடி காண்கிறேன். பிரிட்டிஷ் வயரிங் விதியான பிஎஸ் 7671 கேட்பது குறைந்தது 6. உடனே மாற்ற வேண்டுமா?

முதலில் குழாயைப் பாருங்கள். மண்ணுக்குள்ளிருந்து வருவது பிவிசி என்றால் அந்த வயரே தேவையில்லை. இரும்பு என்றால், தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மெயினை நிறுத்தி, கிளாம்பின் துருவைச் சுரண்டி, இறுக்கி, ஏர்த் பாரிலிருந்து குழாய்வரை அளக்கச் சொல்லுங்கள். 0.05 ஓமுக்குள் இருந்து, வயரும் கருகாமல், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சும் சரியாக விழுந்தால் அந்த 4 இருக்கட்டும் என்பேன். புதிய லைன் இழுக்கும்போது 6 போடுங்கள். 2.5 என்றால் காத்திருக்காதீர்கள்.

எனக்கு அதைவிடக் கவலை மண்ணில் அடித்திருக்கும் ஏர்த் கம்பிதான். கம்பியைச் சுற்றிய மண் 50 ஓம் என்றால், பழுதில் கரண்ட் அதன் வழியாகப் போனாலும் 230 வோல்ட்டில் 5 அம்பியர்கூட ஓடாது. பிரேக்கர் அசையாது, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான் உயிரைக் காக்கும். ஆடி, ஆவணியில் வன்னி மண் காய்ந்து ஓம் இன்னும் ஏறும். கம்பியை அப்போதே அளப்பியுங்கள். டெஸ்ட் பட்டன் சுவிட்சை மட்டுமே சோதிக்கும், கம்பியை அல்ல.