மாருவலியா? முதல்ல தேதியைப் பாருங்க

தாராவியில சின்னதா ஒரு தையல் கடை வச்சிருக்கேன். ப்ளவுஸுக்கு அளவெடுக்க டேப்பைச் சுத்தினதும் "அக்கா, மெதுவா, மாரு வலிக்குது"ன்னு தோளைக் குறுக்குற பொண்ணுங்க வராத மாசமே கிடையாது. அப்புறம் குரலை இறக்கி, "அதுவா இருக்குமோக்கா?"ம்பாங்க. கேன்சர்ங்கிற பேரை வாயில எடுக்க மாட்டாங்க. நானும் 41 வயசுல அப்படித்தான், யார்கிட்டயும் சொல்லாம ராத்திரியில தடவிப் பார்த்துக்கிட்டு கெடந்தேன். கட்டி இல்லாம வலி மட்டும் இருந்தா அது புத்துநோயா இருக்கிறது அபூர்வம்னு டாக்டரம்மா சொன்னப்புறம்தான் தூக்கம் வந்துச்சு. அவங்க முதல்ல கேட்டது, எந்தத் தேதியில வலிக்குதுன்னு. நான் முழிச்சேன்.

அதனால முதல் வேலை காலண்டர். சமையல்கட்டுல தொங்குற மாசக் காலண்டரே போதும். லேசா வலிச்சா புள்ளி, வேலை ஓடாத அளவுக்கு வலிச்சா பெருக்கல் குறி, தூரமான, அதாவது மாதவிடாய் வந்த நாளுக்கு வட்டம். மூணு மாசம் போடுங்க. என்னோடதுல வட்டத்துக்கு முந்தின பத்து நாளும் புள்ளியா இருந்துச்சு, வட்டம் வந்ததும் காணோம். அது ஹார்மோன் வலி. பெரும்பாலும் ரெண்டு பக்கமும் கனத்து, அக்குள் பக்கமா இழுக்கும். வயசாகி மாதவிடாய் அடியோட நின்னா அநேகமா போயிடும். நாள் தள்ளிப்போய் வலிச்சா முதல்ல கர்ப்ப டெஸ்ட் எடுத்துடுங்க.

புள்ளிக்கும் வட்டத்துக்கும் சம்பந்தமே இல்லையா? அப்ப விரலால பாக்கணும். சயான்ல ஏறி தாணா வரைக்கும் லோக்கல் ரயில்ல ஒரு கையால தொங்கிக்கிட்டு, இன்னொரு தோள்ல கனத்த பையோட போற பொண்ணு ஒருத்தி, ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டினா. வலி இல்லாத பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா மார்பு முன்னால சரிஞ்சு விலா எலும்பு கைக்கு எட்டும். அதை அமுக்கும்போது "இதே வலிதான்"னு தோணுச்சுன்னா, வலி எலும்பு, தசையிலேர்ந்து வர வாய்ப்பு அதிகம். நடுநெஞ்செலும்பு ஓரத்தையும் அதே மாதிரி அமுக்கிப் பாருங்க. அவளுக்கு விலாவுலதான் வலி. பையைத் தோள் மாத்தி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததுல ரெண்டு வாரத்துல அடங்குச்சு.

இனி என் தொழில். வலியோட வர்றவங்கள்ல பாதிப் பேர் போட்டிருக்கிற பாடி அளவு தப்பு. மூச்சை விட்டுட்டு மார்புக்குக் கீழ டேப்பை இறுக்கிப் பிடிங்க. 32 இஞ்சுன்னு வச்சுக்குவோம். அடுத்து மார்போட உச்சியில தளர்வா சுத்துங்க. 35 வந்தா வித்தியாசம் மூணு. ஒண்ணுன்னா ஏ கப், ரெண்டு பி, மூணு சி, நாலு டி. ஆக 32 சி. இவங்கதான் கடையில போய் 36 கேட்டு வாங்குறது. பட்டை தளர்ந்து முதுகுல மேல ஏறும், கனம் முழுக்கத் தோள் நாடாவுல விழும். பட்டைக்குள்ள ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல வேண்டாம். வலிக்கிற நாள்ல ராத்திரியும் கம்பி இல்லாத மெத்துன்னு ஒண்ணு போட்டுக்கலாம். அந்த வாரத்துல அளவெடுத்தா அரை இஞ்ச் கூட வரும், அதனால இப்பல்லாம் தேதி கேட்டுத்தான் டேப்பையே எடுக்குறேன்.

மருந்துன்னா பாரசிட்டமால், இல்லாட்டி வலிக்கிற இடத்துல டைக்ளோஃபெனாக் ஜெல் லேசா. கர்ப்பிணி, பால் கொடுக்கிறவங்க, அல்சர், கிட்னி கோளாறு, ஆஸ்துமா உள்ளவங்க டாக்டரைக் கேக்காம ஜெல்லைத் தொட வேண்டாம். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரையாலயும் வலி வரலாம். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. காபியை விட்டா போயிடும்பாங்க. நான் ஒரு மாசம் விட்டுப் பார்த்தேன், தலைவலிதான் வந்துச்சு.

காலண்டருக்குக் காத்திருக்கக் கூடாத சங்கதிகளும் உண்டு: மார்புலயோ அக்குள்லயோ கட்டி, காம்புல ரத்தமோ தானா வடியுற நீரோ, காம்பு புதுசா உள்ள இழுத்துக்கிறது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழியுறது, ஒரே இடத்துல விடாம வலி, மாதவிடாய் நின்னப்புறம் புதுசா வர்ற வலி. பால் கொடுக்கிறவங்களுக்குச் சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தா அன்னைக்கே காட்டணும். பால் கொடுக்கிறதை நிறுத்த வேண்டியதில்ல. நெஞ்சை அழுத்தி, வேர்த்து, மூச்சு வாங்கி, கை, தாடைன்னு வலி பரவினா அது இதயமா இருக்கலாம், உடனே 108.

டாக்டர்கிட்ட போனா சின்ன வயசுக்கு அல்ட்ராசவுண்டும், 40க்கு மேல மேமோகிராமும் எழுதுவாங்க. போறப்ப காலண்டர் தாளைக் கிழிச்சு எடுத்துட்டுப் போங்க. நான் கொண்டுபோன தாள்லதான் எங்க மாமியார் பால் கணக்கும் எழுதி வச்சிருந்தாங்க. டாக்டரம்மா அதையும் படிச்சிட்டு, "லிட்டர் இவ்வளவா?"ன்னு கேட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாங்க.