பவர் சப்ளையின் டிஜிட்டல் முனைகளைக் கணினியிலிருந்து இயக்குவது எப்படி?

பெங்களூரு பீன்யாவில் நாங்கள் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் மேசையில், போர்டு தேறியதும் பச்சை விளக்கு எரிய வேண்டும். அதற்குத் தனி கன்ட்ரோலர் எதற்கு? கீசைட் இ36312ஏ பவர் சப்ளையின் பின்புறத்திலேயே மூன்று டிஜிட்டல் முனைகளும் ஒரு பொது முனையும் இருக்கின்றன.

பைதானும், அளவுக் கருவிகளோடு பேச உதவும் அதன் நூலகமான பைவிசாவும் கணினியில் தயார் என்று வைத்துக்கொள்கிறேன். யுஎஸ்பியைவிட லேன் கேபிளையே பரிந்துரைப்பேன். 5025ஆம் போர்ட்டில் கருவியோடு நேரடியாகப் பேசலாம். ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் புதுவரிக் குறி கட்டாயம். முதலில் கருவியின் பெயரையும் மாடலையும் கேட்கும் 'ஸ்டார் ஐடிஎன்' கேள்வியை (*IDN?) அனுப்பிக் கருவி பதில் சொல்கிறதா என்று பாருங்கள்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தருகிறேன், தட்டச்சு ஆங்கிலத்தில்தான். நீண்ட சொற்களைச் சுருக்க, இக்கருவிகளின் கட்டளை மொழியான ஸ்கிப்பியில் (SCPI) ஒரு விதி உண்டு: முதல் நான்கு எழுத்துகள் போதும், நான்காவது எழுத்து உயிரெழுத்தானால் மூன்றே போதும். 'அவுட்புட்' நான்கெழுத்தாகவும் 'டிஜிட்டல்' மூன்றெழுத்தாகவும் சுருங்குவது இதனால்தான்.

முனைகளின் மதிப்பு 1, 2, 4. இரண்டாம் முனையை மட்டும் இயக்க:

டிஜிட்டல்:அவுட்புட்:டேட்டா 2

ஒன்றும் மூன்றும் சேர்ந்து வேண்டுமானால் 5. அதன்பின் மூன்றாம் முனைக்கான 4 மட்டும் அனுப்பினால் முதல் முனை அணைந்துவிடும்.

இங்கேதான் எனக்கு இரண்டு மாலைகள் போயின. 2 அனுப்பினேன், விளக்கு எரியவில்லை. அதே கட்டளையைக் கேள்விக்குறியோடு அனுப்பினால் 2 என்றே பதில். பிழைப் பட்டியலும் காலி. முனைக்கும் விளக்குக்கும் இடையே ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் பழுது என்று நினைத்து, மின்னணுப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோடு வரை போய்ப் புதியது வாங்கி வந்தேன். உண்மையில் அந்த முனையை வெளியீட்டுக்கு நான் அமைக்கவே இல்லை. அமைக்காத முனைக்கான மதிப்பைக் கருவி கண்டுகொள்வதில்லை, பிழை என்றும் சொல்வதில்லை. ஆகவே முதலில் இதை அனுப்புங்கள்:

டிஜிட்டல்:பின்2:ஃபங்ஷன் டிஐஓ (டிஐஓ என்றால் டிஜிட்டல் உள்ளீடு-வெளியீடு; அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தட்டச்சு செய்ய வேண்டாம்)

இன்னொன்றையும் மனத்தில் இருத்துங்கள். அவுட்புட் கேள்வி, நீங்கள் கடைசியாகச் சொன்ன எண்ணையே திருப்பித் தரும். முனையின் உண்மை நிலை 'டிஜிட்டல்:இன்புட்:டேட்டா' கேள்வியில்தான் தெரியும். எழுதியபின் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு ஒப்பிடும் வரியை நிரலில் சேர்த்துவிட்டேன். அது இல்லாத சோதனை நிரலை இப்போது நான் நம்புவதில்லை.

ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனையில் நேரடியாக மாட்டாதீர்கள். இடையில் ஆப்டோகப்ளரோ டிரான்சிஸ்டரோ இருக்கட்டும்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக அமைத்தும் விளக்கு தலைகீழாக எரிகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கருவியில் முனையின் துருவம் நெகட்டிவ் என்று இருந்தது. நிரலின் தொடக்கத்திலேயே 'டிஜிட்டல்:பின்2:போலாரிட்டி பாசிட்டிவ்' என்பதையும் அனுப்பிவிடுங்கள். மற்றொருவர் பொது முனையை இணைக்காமலே உள்ளீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். பொது முனையான நான்காம் முனையிலிருந்து ஒரு கம்பி போட்டதும் அவருக்கு எண்கள் நிலைத்தன.