வீட்டில் தோட்டா நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: செலவுக் கணக்கிலும் கைவேலையிலும்

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடுவதைப் போட்டிக்காகவோ வேட்டைக்காகவோ பழகுகிறவர்களில் கணிசமானோர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்துவந்து, கார் நிறுத்தும் அறையிலோ வீட்டின் அடித்தளத்திலோ ஒரு மேசை போட்டு, அவற்றைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். ரீலோடிங் எனப்படும் இந்தக் கைவேலைக்கு, சொந்த உபயோகத்துக்காகச் செய்யும்வரை, அங்கே கூட்டாட்சி அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை. (இந்தியாவில் தோட்டா தயாரிப்பு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டது, இங்கே சொல்லப்படுவது முழுக்க அமெரிக்க நிலவரம்.) இதில் இறங்குகிறவர்கள் முதலில் சொல்லும் காரணம், காசு மிச்சமாகும் என்பதுதான். அது பாதி உண்மை. மறுபாதியைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இறங்கியவர்கள், எதிர்பார்த்த மிச்சம் கிடைக்காதபோது வேகத்தைக் கூட்டுகிறார்கள், கருவிகளில் சிக்கனம் பிடிக்கிறார்கள், தேய்ந்த கூட்டை இன்னும் ஒரு முறை என்று நிரப்புகிறார்கள். இந்த வேலையில் நேரும் மோசமான விபத்துகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தத் தோட்டா என்று பார்க்காமல் மிச்சக் கணக்குப் போடுவது

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்தப்படும், அடிபட்டதும் பற்றிக்கொள்ளும் பிரைமர், உள்ளே இடும் வெடிமருந்து (சுருக்கமாக மருந்து), முனையில் அமரும் குண்டு. மருந்தும் பிரைமரும் எரிந்துபோகின்றன, குண்டு போய்விடுகிறது, கூடு மட்டும் மிஞ்சுகிறது. பல ரகங்களில் நான்கிலும் விலை கூடியது இந்தக் கூடுதான் என்பதால், அதைத் திரும்பப் பயன்படுத்துவதுதான் மிச்சத்தின் அடிப்படை. அதோடு, முழுத் தோட்டாவின் மீது 11 சதவீதக் கூட்டாட்சித் தீர்வை உண்டு. தனித்தனியாக வாங்கும் பாகங்களுக்கு அது இல்லை.

பலர் பயன்படுத்தும் 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். கொரோனா காலத்துக்குப் பிறகு கடைகளில் புழங்கிய விலையை ஒட்டி, பிரைமர் ஒன்று 8 சென்ட், குண்டு ஒன்று 10 சென்ட், மருந்து ஒரு பவுண்டு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு தோட்டாவுக்கு ஏறத்தாழ 5 கிரெயின் என்ற கணக்கில் மருந்துச் செலவு 3 சென்ட்டுக்குள் அடங்கிவிடும். கூடு இனாம் என்றே கொண்டாலும் மொத்தம் 21 சென்ட். கடையில் 50 தோட்டா கொண்ட பெட்டி 13.50 டாலருக்குக் கிடைத்தால் ஒன்றின் விலை 27 சென்ட். ஆக மிச்சம் 6 சென்ட். பிரஸ் (கைப்பிடியை இழுத்து இயக்கும் அழுத்தக் கருவி), டை (அதில் பொருத்தும் அச்சு), தராசு, கூடு துலக்கும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 600 டாலர் போட்டவர், அந்த முதலை மீட்கவே 10,000 தோட்டா நிரப்ப வேண்டும்.

இதே கணக்கை .308 ரைபிளின் போட்டித்தரத் தோட்டாவுக்குப் போட்டால் படம் மாறிவிடுகிறது. தரமான குண்டு 45 சென்ட், பவுண்டு 45 டாலர் மருந்தில் 44 கிரெயின் அளவுக்கு 28 சென்ட், பிரைமர் 8 சென்ட், ஒரு டாலர் கூடு பத்து முறை உழைத்தால் அதற்கு 10 சென்ட், மொத்தம் 91 சென்ட். கடையில் அதே தரத் தோட்டா 1.90 டாலர் என்றால், மிச்சம் ஒரு டாலர்; 600 தோட்டாவிலேயே முதல் திரும்பிவிடும். கடைகளில் அரிதாகிவிட்ட பழைய ரகங்களுக்கும் பெரிய வேட்டை ரகங்களுக்கும் இந்த இடைவெளி இன்னும் விரியும். இங்கே நான் சொன்ன கிரெயின் அளவுகள் விலைக் கணக்குக்காக மட்டுமே. யாரும் இவற்றை வைத்துத் தோட்டா நிரப்பக் கூடாது.

இந்தக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போவது இரண்டு. ஒன்று, மருந்தும் பிரைமரும் அபாயகரமான சரக்கு என்பதால், பார்சலில் வரவழைக்கும் ஒவ்வொரு முறையும் அனுப்புக் கூலிக்கு மேல் தனிக் கட்டணம் விழும். ஒரு பவுண்டு மருந்தை மட்டும் வரவழைப்பவருக்கு அதன் விலை பாதிக்கு மேல் ஏறிவிடும். மற்றது நேரம். ஒவ்வொரு நிலையாகச் செய்யும் எளிய பிரஸ்ஸில் மணிக்கு 50 தோட்டா என்பது நிதானமான வேகம். 6 சென்ட் மிச்சத்தில் அது மணிக்கு 3 டாலர். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7.25 டாலர். இந்த இடத்தில்தான் பலர், கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் புரோகிரசிவ் பிரஸ்ஸைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். அதில் நான்கைந்து வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். அவற்றைத் தனித்தனியே செய்து கை பழகாதவரின் கண் எதைக் கவனிப்பது என்று தெரியாமல் தடுமாறும்.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தொடங்குவது

பல ஆண்டுகள் இதில் நிலைத்தவர்களைக் கேட்டால், மிச்சத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். தோட்டா மலிந்ததால் முன்பைவிட அதிகம் சுடுகிறோம், செலவு அப்படியேதான் இருக்கிறது என்பார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருப்பது வேறு. தொழிற்சாலைத் தோட்டா ஒரு ரகத்தின் எல்லாத் துப்பாக்கிகளிலும் பொருந்தும்படி செய்யப்படுவது. நிரப்புகிறவரோ தன் கையில் உள்ள ஒரே ஒரு ரைபிளுக்காக, குண்டு எவ்வளவு ஆழம் அமர வேண்டும், மருந்து எவ்வளவு இருந்தால் அந்தக் குழலில் குண்டுகள் நெருங்கி விழுகின்றன என்று மெல்ல மெல்லச் சோதித்துக் கண்டுபிடிக்கிறார். ஆயிரம் கஜத் தொலைவில் சுடும் போட்டியாளர்கள் பெரும்பாலோர் தாமே நிரப்பிய தோட்டாவை நம்புவதற்கு இதுவே காரணம். மூட்டுவலி உள்ள முதியவர் உதைப்பு குறைந்த தோட்டாவைச் செய்துகொள்ள முடிகிறது. பாட்டனார் விட்டுப்போன பழைய துப்பாக்கிக்கு மறுபடி வேலை வருகிறது. இவற்றில் எதுவும் வேண்டாம், வாரம் ஒருமுறை 9 மி.மீ. சுட்டால் போதும் என்பவர் பெட்டியாக வாங்குவதே நல்லது. அதில் குறைவொன்றும் இல்லை.

தட்டுப்பாட்டுக் காலத்தில் கைகொடுக்கும் என்பதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். 2012 டிசம்பரில் சாண்டி ஹுக் பள்ளிக் கொலைகளுக்குப் பின் துப்பாக்கிச் சட்டம் இறுகும் என்ற பேச்சு எழுந்தபோதும், 2020 தொடங்கி கொரோனா ஆண்டுகளிலும், தோட்டாவோடு பிரைமரும் கடைகளிலிருந்து மறைந்தது. பிரைமரை வீட்டில் பாதுகாப்பாகச் செய்துகொள்ள முடியாது என்பதால், கையிருப்பு இல்லாதவரின் பிரஸ் சும்மாதான் நின்றது. அதற்குப் பயந்து கண்டபடி வாங்கிக் குவிப்பதும் தவறுதான். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறிகளின்படி, ஒரு வீட்டில் மூல டப்பாவிலேயே 20 பவுண்டு மருந்து வரையும், பிரைமர் 10,000 வரையும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைக்க ஓர் அங்குலத் தடிமன் பலகைப் பெட்டி வேண்டும். தன் ரைபிளுக்கு ஒத்துவருமா என்று ஒரு பவுண்டு வாங்கிப் பார்க்காமல், மலிவு என்று 8 பவுண்டு டப்பாவை வாங்கி, ஒத்துவராமல் மூலையில் வைத்திருப்பவர்களும் உண்டு.

மருந்தில் நேரும் தவறுகள்

உயிருக்கு உலை வைப்பவை இவைதான். மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு மருந்து டப்பாக்கள் திறந்திருக்கவே கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் குழாயில் மிஞ்சியதை அதே டப்பாவுக்கு ஊற்றி மூடிவிட வேண்டும். எந்த மருந்து என்று சந்தேகம் வந்துவிட்டால், நிறத்தையும் மணியையும் பார்த்து ஊகிக்க முயலாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும், ஏனென்றால் எரியும் வேகம் பெரிதும் வேறுபட்ட இரு மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம்.

பெயர்களும் ஏமாற்றும். எச் 110 என்பதும் டபிள்யூ 296 என்பதும் ஒரே மருந்து, இரு பெயர்களில் விற்கப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்ட ஒருவர், எச் 4831, ஐஎம்ஆர் 4831 இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடலாம். எண் ஒன்றேதான், மருந்து வேறு. இரண்டாவது வேகமாக எரியக்கூடியது. ஒன்றின் அளவை மற்றதற்கு எடுத்தால் அழுத்தம் எல்லை மீறும். அதனால் ஹார்னடி, லைமன், ஹாட்ஜ்டன் போன்ற நிறுவனங்கள் தாமே சோதித்து வெளியிடும் அளவுப் பட்டியலைத் தவிர, நண்பர் சொன்னது, யாரோ எழுதியது எதையும் ஏற்கக் கூடாது. அந்தப் பட்டியலிலும் உச்ச அளவில் தொடங்கக் கூடாது. தொடக்க அளவு என்று தனியே தரப்பட்டிருப்பதிலிருந்து சிறிது சிறிதாக ஏற வேண்டும். குண்டையோ பிரைமரையோ மாற்றினால் மறுபடி கீழிருந்தே தொடங்க வேண்டும். கைத்துப்பாக்கிக் கூடு சிறியது என்பதால், குண்டு சற்றே கூடுதலாக உள்ளே இறங்கினாலும் அழுத்தம் கணிசமாக ஏறும். மருந்தின் அளவைச் சரியாகப் போட்டுவிட்டு தோட்டாவின் முழு நீளத்தை அளக்காமல் விடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது இரட்டை அளவும் வெற்று அளவும். கைத்துப்பாக்கிக்கான அடர்த்தியான மருந்துகள் சில கூட்டின் பாதியைக்கூட நிரப்புவதில்லை. தவறிப்போய் இரண்டு முறை கொட்டினாலும் வழியாமல் உள்ளே அடங்கிவிடும். தொடக்கத்தில், இருமுறை கொட்டினால் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும் பருமனான மருந்தைத் தேர்ந்துகொள்வது, பவுண்டுக்குச் சில தோட்டா குறைந்தாலும், கொடுக்கத் தகுந்த விலை. ஐம்பது குழி கொண்ட மரப்பலகையில் கூடுகளை நிறுத்தி மருந்திட்டபின், குண்டு வைக்கும் முன் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒரே நிழலாகத் தெரியும். கூடியதும் குறைந்ததும் அந்த வெளிச்சத்தில் உடனே கண்ணில் படும். யாராவது கூப்பிட்டு நடுவில் எழுந்துபோக நேர்ந்தால், அந்தப் பலகையை முதலிலிருந்து பார்ப்பதே முறை.

மருந்தே இல்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டு நின்றுவிடும். சத்தம் மெலிந்து, உதைப்பு இல்லாமல் போவதுதான் அடையாளம். அப்போது அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால், முன்னது அடைத்து நிற்பதால் குழல் பிதுங்கும் அல்லது பிளக்கும். சத்தம் மாறியதும் நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழல் திறந்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்த பிறகே மேலே தொடர வேண்டும்.

கூட்டிலும் தராசிலும் சிக்கனம் பிடிப்பது

மிச்சம் கூட்டில்தான் இருக்கிறது என்பதால், கூட்டை எறிய மனம் வராது. ஆனால் ரைபிள் கூடு ஒவ்வொரு முறை சுடும்போதும் நீண்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே உட்சுவர் மெலிகிறது. வெளியே அந்த இடத்தில் பளபளப்பான மெல்லிய வளையம் தெரிந்தால் எச்சரிக்கை. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரோடு மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டி நிற்பது விரலுக்குத் தெரியும். தட்டினால் அந்தக் கூட்டைப் பழைய பித்தளையில் போட்டுவிட வேண்டும், அது எத்தனை முறை சுட்டது என்ற கேள்விக்கே இடமில்லை. கழுத்தில் விரிசல் கண்டதும் அப்படியே. பொறுக்கி வந்த கூடுகளில் ரகம் கலந்திருக்கும் என்பதால், அடியில் பொறித்திருப்பதை ஒவ்வொன்றாகப் படித்துப் பிரிக்க வேண்டும். குறிப்பாக .223 ரகமும் .300 பிளாக்கவுட் ரகமும் ஒரே அடிவட்டம் கொண்டவை. பின்னது முன்னதன் அறைக்குள் (துப்பாக்கியில் தோட்டா அமரும் இடம்) நுழைந்துவிட்டால் துப்பாக்கி சிதறக்கூடும்.

தராசில் மிச்சம் பிடிப்பது போலத் தவறான சிக்கனம் வேறில்லை. மலிவான மின்தராசுகள் சூடேறும்போதும் அருகே கைபேசி இருக்கும்போதும் காற்று பட்டாலும் நகர்கின்றன. எடை தெரிந்த சோதனைக் கற்களை ஒருமுறை வாங்கி, தொடங்கும்போதும் நடுவிலும் முடிக்கும்போதும் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டை உலர்முறையில் துலக்கும்போது அந்தத் தூசு கிளம்பும். சமையலறையிலும் குழந்தைகள் இருக்கும் இடத்திலும் இதைச் செய்யக் கூடாது. மேசையில் தின்பண்டம் ஆகாது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். கீழே சிந்திய மருந்தை வீட்டு வேக்யூம் கிளீனரால் உறிஞ்சவே கூடாது.

பிறருக்குக் கொடுப்பது

கை தேறியதும் நண்பர்கள் கேட்பார்கள். நம் துப்பாக்கியில் பாதுகாப்பாகச் சோதித்து அடைந்த அளவு, அவர்கள் துப்பாக்கியின் சற்றே இறுகிய அறையில் எல்லை மீறிவிடலாம். பல உற்பத்தியாளர்கள் வீட்டில் நிரப்பிய தோட்டாவால் வந்த சேதத்துக்கு உத்தரவாதமே தருவதில்லை. காசு வாங்கிக்கொண்டு விற்கும் தொழிலாக அது மாறினால் சட்டமும் மாறுகிறது: தோட்டா உற்பத்தியாளருக்கான ஆறாம் வகைக் கூட்டாட்சி உரிமம் வேண்டும், மேலே சொன்ன 11 சதவீதத் தீர்வையும் சேரும். விற்காதவரும் ஒவ்வொரு பெட்டியிலும் தேதி, மருந்தின் பெயரும் அளவும், குண்டின் எடை, பிரைமர் வகை, கூடு எத்தனாவது முறை நிரப்பப்பட்டது என்பவற்றை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அப்படி எழுதாத பெட்டி, சொந்தக் கையால் நிரப்பியதே ஆனாலும், சுடுவதற்கு உரியதல்ல. குண்டுகளைக் கழற்றி, பாகங்களைப் பிரித்துவிட வேண்டியதுதான்.