சின்ன லாட்ஜுக்கு ஆப்பில் வந்தவரை அடுத்த தடவை நேரடியாக வரவைப்பது எப்படி

சென்னை மண்ணடியில் எங்களுக்குப் பதினோரு ரூம் உள்ள ஒரு லாட்ஜ் இருக்கிறது. அப்பா 1984ல் ஆரம்பித்தார், 2016லிருந்து நான் நடத்துகிறேன். ஹைகோர்ட் கேஸுக்கு வருகிறவர்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், நெல்லூரிலிருந்து சரக்கு எடுக்க வரும் வியாபாரிகள், யாழ்ப்பாணம், கொழும்புக்காரர்கள் என்று அன்றிலிருந்து இன்றுவரை வருகிற ஆட்கள் மாறவில்லை. வருகிற வழிதான் மாறிவிட்டது. பாதிப் பேர் போனில் புக்கிங் ஆப்பைப் பார்த்து ரூம் போட்டுவிட்டுத்தான் படியேறுகிறார்கள், அதற்கு ஆப்காரர்களுக்கு நாம் கமிஷன் கொடுக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடமும் பத்துப் பதினைந்து ரூம் இருந்தால் இந்தப் பிரச்சினை உங்களுக்கும் இருக்கும். நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்: முதல் தடவை ஆப் கொண்டுவரட்டும், அடுத்த தடவை அவர் நம் நம்பருக்குக் கூப்பிட வேண்டும். அதற்காகச் செய்வதை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டில் கணக்குப் போடுங்கள். என் ஏசி ரூம் 1200 ரூபாய். கமிஷன் 15 சதவீதத்திலிருந்து 25 வரை, சில சமயம் அதற்கு மேலும் போகும். 20 என்று வைத்துக்கொண்டால் 240 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது 43 ரூபாய். 2025 செப்டம்பர் 22லிருந்து ஒரு நாளைக்கு 7500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு வரி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தங்குகிறவருக்கு நல்லது. ஆனால் இந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரியை, அதாவது தொழிலுக்காக வாங்கியதற்கு நாம் கட்டிய ஜிஎஸ்டியை, கழித்துக்கொள்ள முடியாது, அதனால் அந்த 43 ரூபாய் போனது போனதுதான். கைக்கு வருவது 917. கரண்ட், லாண்டரி, தண்ணி லாரி, சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு ரூமுக்கு எனக்கு நாளைக்கு 650 ஆகிறது. மிச்சம் 267. அதே ஆள் நேராக வந்தால் 550. அவருக்கு நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் எனக்கு 450 நிற்கும். இந்த மூன்று எண்ணையும் உங்கள் ரூமுக்குப் போட்டுப் பார்க்காமல் எந்த ஆஃபருக்கும் சரி சொல்லாதீர்கள்.

ஆப்காரர்களோடு போட்ட ஒப்பந்தத்தையும் ஒருமுறை முழுசாகப் படியுங்கள். ஆப்பில் போட்ட விலையைவிடக் குறைவாக வேறு எங்கும் தரக்கூடாது என்று அதில் ஒரு ஷரத்து இருக்கலாம். அப்படி ஷரத்து வைத்திருந்த ஒரு பெரிய புக்கிங் குழுமத்துக்கு 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 223 கோடி ரூபாய் அபராதம் போட்டு, அதை மாற்றச் சொன்னது. அப்புறம் இன்னொன்று: ஆப்பில் போட்டு வந்தவரிடம் “அதை கேன்சல் பண்ணிட்டு நேரா காசு கொடுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். அவரைக் கொண்டுவந்தது அவர்கள், அந்தக் கமிஷன் அவர்களுக்குச் சேர வேண்டியது.

சரி, வந்தவர் ஏன் மறுபடி வருவார்? இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

ஒருமுறை ஏழாம் நம்பர் ரூமுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, “பாத்ரூமில் சாக்கடை வாடை” என்று எழுதியிருந்தார்கள். அன்று காலைதான் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. மேலே போய்க் கதவைத் திறந்தால் அவர் சொன்னது உண்மை. அந்த ரூம் அதற்கு முன் பத்து நாள் காலியாகக் கிடந்தது. தரையில் தண்ணீர் போகிற ஜாலிக்குக் கீழே வளைவாக ஒரு டிராப் இருக்கும். அதில் எப்போதும் நாலு விரல் தண்ணீர் நின்றால்தான் குழாயிலிருந்து காற்று மேலே வராது. பத்து நாள் யாரும் குளிக்காததால் அது வற்றிவிட்டது. மேலாகக் கழுவிய தண்ணீரை வைப்பரால் ஓரமாகத் தள்ளித் துடைத்துவிட்டார்கள், டிராப் நிறையவில்லை. இப்போது காலி ரூம் என்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை ஜாலியில் ஒரு பக்கெட், வாஷ்பேசினில் ஒரு மக் தண்ணீர். பினாயில் செலவு பாதியாகிவிட்டது. அந்த விருந்தினருக்கு என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று இரண்டு வரியில் பதில் போட்டேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாக இதுவரை மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். திட்டு வந்தால் முதலில் ரூமுக்குப் போய்ப் பாருங்கள், பதில் எழுதுவது அப்புறம்.

நம் பக்கம் கடற்காற்று. ஏசியின் வெளி யூனிட் சீக்கிரம் அரிக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி விடுங்கள். கார்த்திகை மழையில் பெட்ஷீட் காயாமல் ஈரவாடையோடு விரிக்கக்கூடாது, ரூமுக்கு மூன்று செட்டாவது இருக்கட்டும்.

போட்டோவைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், பாத்ரூமையும் சேர்த்து. சின்ன ரூமைப் பெரிதாகக் காட்டினால் வாசலிலேயே அவர் முகம் மாறிவிடும்.

பழைய 24 மணி நேர செக்-அவுட்டை விட்டுவிடாதீர்கள். விடிகாலை நாலு மணிக்கு சென்ட்ரலில் இறங்குகிறவருக்கு, மதியம் 12 மணிக்குத்தான் ரூம் என்றால் எட்டு மணி நேரம் தெருவில். நாலு மணிக்குச் சாவி கொடுத்தால் மறுநாள் நாலு மணிவரை அவருடையது. ஆப்பில் இதைக் காட்ட இடம் இருக்காது. ரூம் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி, கீழே உங்கள் போன் நம்பரைப் போடுங்கள்.

அதே தாளில் வழியும் எழுதுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோ நீலப் பாதையில் ஏறினால் எங்கும் மாறாமல் மண்ணடி ஸ்டேஷனிலேயே இறங்கலாம். 2019 பிப்ரவரியிலிருந்து இந்த வசதி இருந்தும் வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியவில்லை. தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில், விடியும் முன்பே காசிமேட்டில் மீன் ஏலம், 1856ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன், சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை என்று பக்கத்தில் இருப்பதை எழுதினேன். கேஸ் தள்ளிப்போய் ஒரு நாள் சும்மா இருந்தவர்கள் இதைப் பார்த்துப் போய்வந்து, குழந்தைகளுக்குச் சொல்வதுபோல எனக்கே விவரமாகச் சொன்னார்கள்.

அக்கம்பக்கத்தாரை மறக்காதீர்கள். வெனிஸில் 2024லிருந்து கூட்டமான நாட்களில் பகலில் வந்துபோகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். பார்சிலோனாவில் 2028 நவம்பருக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா வாடகைக் குடியிருப்புகளின் உரிமத்தை நிறுத்தப்போவதாக மேயர் அறிவித்தார். காரணம், அங்கே குடியிருப்பவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை, தூக்கமும் இல்லை. நம் சந்துகளில் சுவரோடு சுவராக வீடு. ராத்திரி இரண்டு மணிக்கு டாக்சி ஹாரன் அடித்தால் எதிர்வீட்டுப் பாட்டி எழுந்துவிடுவார். டாக்சியைச் சந்து முனையிலேயே நிறுத்தச் சொல்லி, பெட்டி தூக்க ஆளை அனுப்புங்கள்.

வேலைக்கு ஆள் கிடைக்காத பிரச்சினை உலகம் முழுக்க ஒன்றுதான். 2019ல் நாடு விட்டு நாடு போன சுற்றுலாப் பயணம் ஏறக்குறைய 146 கோடி, 2020ல் சுமார் 40 கோடியாக விழுந்தது, 2024ல் மறுபடி 140 கோடியைத் தொட்டது. பயணி திரும்பி வந்தார், வேலை செய்தவர்களில் நிறையப் பேர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஊரடங்கில் எங்கள் ரூம் பாய் இருவரும் ஒடிசாவுக்குப் போனார்கள், ஒருவர்தான் வந்தார். ஒன்றாம் தேதி சம்பளம், வாரம் ஒருநாள் லீவு, மதியச் சாப்பாடு நம் சமையல். அவர் இன்னும் எங்களோடு இருக்கிறார்.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர் தமிழ் பேசுகிறாரே என்று விட்டுவிடக்கூடாது, பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கும்போதே பதிந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. ரூமைக் காலி செய்யும்போது, “அடுத்த தடவை நேரா கூப்பிடுங்க அண்ணே, நூறு ரூபாய் குறைச்சுக்கறேன்” என்று சொல்லி, நம்பரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பேருக்கு எதிரே ஒரு வரி: “நெல்லூர், ஸ்டேஷனரி, முட்டிவலி, முதல் மாடி மட்டும்.” “கொழும்பு, காலையில் சுடுதண்ணீர் ஐந்து மணிக்கே.” அவர் கூப்பிடும்போது நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். மாதக் கடைசியில் இரண்டாம் தடவை வந்த பேர்களை மட்டும் எண்ணுங்கள். 2022ல் எனக்கு மாதம் நாலைந்து பேர், இப்போது இருபதுக்குக் குறைவதில்லை.